சிபேனலில் மின்னஞ்சல் கணக்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்த டொமைனில் மின்னஞ்சல் வைத்திருக்கும் சிறு நிறுவனங்களின் ஹோஸ்டிங்கைப் பார்த்துக்கொள்வது என் தொழில். கடை, அச்சகம், பயிற்சி மையம் என்று ஆட்கள் மாறுகிறார்களே தவிர, கேள்விகள் மாறுவதில்லை. முகவரி திறப்பதில் யாருக்கும் சிக்கல் வருவதில்லை. மடல் எந்த சர்வரில் தங்குகிறது, எந்த வழியாகப் போகிறது, அதைத் திறக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பவற்றில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். அதனால் பதில்களிலும் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் சிபேனல் என்ற, ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் கட்டுப்பாட்டுப் பலகையை வைத்து. முகவரிகளையும் பொத்தான்களின் பெயர்களையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். பலகையில் அவை ஆங்கிலத்தில்தான் இருக்கும். உதாரணத்துக்கென்றே உலக அளவில் ஒதுக்கிவைக்கப்பட்டிருக்கும் எக்ஸாம்பிள்.காம் என்ற டொமைனை உங்களுடையதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ஹோஸ்டிங் நிறுவனத்தின் தளத்தில் உள்நுழைந்தால் பில் மட்டும்தான் தெரிகிறது. சிபேனல் எங்கே இருக்கிறது?

பில் தெரிவது வாடிக்கையாளர் பக்கம். பணம் கட்டுவதும் புதுப்பிப்பதும் அங்கே. சிபேனலுக்குப் பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டும் தனி. ஹோஸ்டிங் வாங்கிய அன்று வந்த வரவேற்பு மடலில் பாருங்கள். பல நிறுவனங்கள் வாடிக்கையாளர் பக்கத்திலேயே சிபேனலுக்குப் போகும் பொத்தானையும் வைத்திருக்கின்றன. நேரடியாகப் போக வேண்டுமானால் உலாவியில் டொமைன் பெயரை அடித்து, முக்காற்புள்ளி வைத்து, 2083 என்று சேர்த்தால் போதும். 2082 என்ற எண்ணும் உண்டு. அது மறையாக்கம் இல்லாத பழைய வழி, பயன்படுத்தாதீர்கள்.

மடல் படிக்க மட்டும் வேண்டுமென்றால் அதே முறையில் 2096. உலாவியிலேயே மடல் படிக்கும் அந்தப் பக்கத்துக்கு வெப்மெயில் என்று பெயர். ஊழியர்களுக்கு அதுவே போதும். சிபேனல் கடவுச்சொல் கையில் இருப்பவர், யாருடைய பெட்டியையும் அந்தப் பெட்டியின் கடவுச்சொல் இல்லாமலேயே 'செக் ஈமெயில்' பொத்தானைத் தட்டித் திறந்து படிக்கலாம். இணையதளத்தையே அழிக்கவும் முடியும். அலுவலகத்தில் அந்தக் கடவுச்சொல் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

புதிய முகவரி திறப்பது எப்படி?

'ஈமெயில் அக்கவுண்ட்ஸ்' போய் 'கிரியேட்' அழுத்துங்கள். டொமைனைத் தேர்ந்தெடுத்து, @ குறிக்கு முன்னால் வரும் பெயரைக் கொடுத்து, கடவுச்சொல் வைத்தால் முடிந்தது. கடவுச்சொல்லை நீங்களே வைக்கலாம். அல்லது அந்த ஊழியரின் வேறு முகவரிக்கு ஓர் இணைப்பை அனுப்பி, அவரையே வைத்துக்கொள்ளச் சொல்லலாம். இரண்டாவது வழிதான் நல்லது. உங்களுக்கும் அவருக்கும் இடையே கடவுச்சொல் வாட்ஸ்அப்பில் பயணம் செய்யாது.

பெட்டியின் கொள்ளளவையும் கேட்கும். 'அன்லிமிடெட்' என்பதைப் பார்த்தவுடன் கை அங்கேதான் போகும். ஆனால் ஹோஸ்டிங் கணக்கின் மொத்த இடத்துக்கு எல்லை உண்டு. ஒருவர் பெட்டி வரம்பில்லாமல் வளர்ந்து அந்த எல்லையைத் தொட்டால், அலுவலகம் முழுவதற்கும் மடல் வருவது நிற்கும்; இணையதளமும் தகராறு செய்யும். எண் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். பிறகு எப்போது வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம்.

இன்ஃபோ, சேல்ஸ், அக்கவுண்ட்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி வேண்டுமா?

மடலைப் படித்து, அதே முகவரியிலிருந்து பதில் போகவேண்டும் என்றால் பெட்டி வேண்டும். யாரோ ஒருவருக்குத் திருப்பிவிட்டால் போதும் என்றால் ஃபார்வர்டர் போதும். பெட்டியே இல்லாத முகவரிக்கும் ஃபார்வர்டர் போடலாம். மூன்று பேர் வேலை செய்யும் இடத்தில் பத்துப் பெட்டிகள் திறப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அவற்றில் ஏழு பெட்டிகளை யாரும் திறப்பதில்லை. ஸ்பாம் வந்து நிரம்பிக் கிடக்கும்.

வாடிக்கையாளருக்கும் வங்கிக்கும் கொடுக்கும் முகவரி ஆளின் பெயரில் இல்லாமல் பொறுப்பின் பெயரில் இருக்கட்டும். கணக்கர் மாறுவார், 'அக்கவுண்ட்ஸ்' மாறாது.

எல்லாவற்றையும் என் ஜிமெயிலுக்குத் திருப்பிவிட்டால் வேலை மிச்சம்தானே?

மிச்சம்தான், சில மாதங்களுக்கு. பிறகு சில மடல்கள் வராமல் போகும். அவை வரவில்லை என்பதே உங்களுக்குத் தெரியாது.

காரணம் இது. ஒரு வங்கி உங்களுக்கு மடல் அனுப்புகிறது. உங்கள் சர்வர் அதை வாங்கி, அதே அனுப்புநர் பெயரோடு ஜிமெயிலுக்குத் தள்ளிவிடுகிறது. ஜிமெயில் பார்வையில், வங்கியின் பெயரைச் சொல்லிக்கொண்டு வங்கிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சர்வர் வாசலில் நிற்கிறது. வங்கி தன் மடலில் மறையாக்கக் கையெழுத்து போட்டு, அது வழியில் சிதையாமல் வந்திருந்தால் ஜிமெயில் ஏற்றுக்கொள்ளும். இல்லையென்றால் ஸ்பாம், அல்லது அப்படியே மறுப்பு. எஸ்ஆர்எஸ் என்ற முறை (திருப்பிவிடும்போது அனுப்புநர் முகவரியை உங்கள் சர்வர் தன் பெயருக்கு மாற்றி எழுதுவது) இதை ஓரளவு சரிசெய்கிறது, ஆனால் அதை ஹோஸ்டிங் நிறுவனம் சர்வரில் இயக்கியிருக்க வேண்டும். இன்னொரு தொல்லையும் உண்டு. உங்களுக்கு வரும் ஸ்பாமையும் சேர்த்துத்தான் திருப்பிவிடுகிறீர்கள். ஜிமெயிலின் பார்வையில் அந்த ஸ்பாமை அனுப்பியது உங்கள் சர்வர். நாளடைவில் நீங்கள் நேர்மையாக அனுப்பும் விலைப்பட்டியலுக்கும் அதே மரியாதைதான் கிடைக்கும்.

ஜிமெயிலே உங்கள் பெட்டியிலிருந்து பாப் முறையில் மடல்களை எடுத்துக்கொள்ளும் வசதியைச் சிலர் நம்பியிருந்தார்கள். 2026 ஜனவரி முதல் அதைக் கைவிடுவதாக கூகுள் அறிவித்துவிட்டது. ஃபோனில் இருக்கும் ஜிமெயில் செயலியிலேயே உங்கள் டொமைன் கணக்கை ஐமேப் முறையில் (பாப், ஐமேப் வித்தியாசம் கீழே வருகிறது) தனிக் கணக்காகச் சேர்ப்பதுதான் இப்போது நான் சொல்லும் வழி. பதிலும் உங்கள் டொமைன் முகவரியிலிருந்தே போகும்.

ஃபோனிலும் அவுட்லுக்கிலும் சேர்க்க என்னென்ன விவரம் வேண்டும்?

கணக்குகளின் பட்டியலில் ஒவ்வொரு முகவரிக்கும் எதிரே 'கனெக்ட் டிவைசஸ்' இருக்கும். தேவையான எல்லாம் அந்தப் பக்கத்தில் உண்டு. வரும் மடலுக்கு ஐமேப் என்றால் போர்ட் 993, பாப் என்றால் 995, அனுப்புவதற்கு 465. சில நெட்வொர்க்குகளில் 465 ஒத்துழைக்காவிட்டால் 587 வைத்து ஸ்டார்ட்டிஎல்எஸ் தேர்ந்தெடுங்கள்.

தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. முதலாவது, பயனர் பெயர். 'சேல்ஸ்' என்று மட்டும் கொடுக்கக் கூடாது, சேல்ஸ்@எக்ஸாம்பிள்.காம் என்று முழு முகவரியும் வேண்டும். இரண்டாவது, அனுப்பும் சர்வருக்கும் கடவுச்சொல் தேவை என்பதைச் செயலியில் தேர்வு செய்யாமல் விடுவது. மடல் வருகிறது, அனுப்ப மட்டும் முடியவில்லை என்று யார் சொன்னாலும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

சான்றிதழ் சரியில்லை என்று எச்சரிக்கை வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். சர்வர் பெயராக நீங்கள் கொடுத்தது சான்றிதழில் இல்லை என்று பொருள். 'எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் ஸ்டேட்டஸ்' பகுதியில் மெயில்.எக்ஸாம்பிள்.காம் என்ற பெயருக்கும் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐமேப், பாப் என்று இரண்டு இருக்கிறதே, எதை வைப்பது?

ஐமேப். இன்றைக்கு வேறு பதில் சொல்லக் காரணம் அரிது.

ஐமேப்பில் மடல்கள் சர்வரில் இருக்கும். ஃபோன், மடிக்கணினி, வெப்மெயில் மூன்றும் அதே பெட்டியைப் பார்க்கின்றன. பாப் மடலைக் கணினிக்கு இறக்கிக்கொண்டு, வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், சர்வரில் இருப்பதை அழித்துவிடும். "வெப்மெயிலில் பார்த்தால் இன்பாக்ஸ் காலி, எங்கள் மடல்களை ஹோஸ்டிங்காரர்கள் அழித்துவிட்டார்கள்" என்று கோபமாக வரும் அழைப்புகளில், பெரும்பாலும் கணக்குப் பிரிவின் பழைய கணினி ஒன்றில் பாப் முறையில் அவுட்லுக் ஓடிக்கொண்டிருக்கும். எட்டு வருட மடல் அந்த ஒரே ஹார்டு டிஸ்கில். அதற்குக் காப்புநகல் இருக்கிறதா என்று கேட்டால் மௌனம்.

அப்படி ஒரு கணினி உங்கள் அலுவலகத்திலும் இருந்தால், அதே அவுட்லுக்கில் அதே முகவரியை ஐமேப் கணக்காக இன்னொரு முறை சேருங்கள். பெட்டியின் கொள்ளளவை முதலில் கூட்டிவிட்டு, பழைய கோப்புறையில் உள்ளவற்றைப் புதியதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் போடுங்கள். மடல்கள் சர்வருக்கு ஏறிவிடும். எல்லாம் ஏறியதை வெப்மெயிலில் சரிபார்த்த பிறகே பாப் கணக்கை நீக்குங்கள்.

கடவுச்சொல் மறந்துவிட்டது. சிபேனலில் பார்க்கலாமா?

பார்க்க முடியாது. ஹோஸ்டிங் நிறுவனத்தாலும் முடியாது. 'மேனேஜ்' போய்ப் புதியது வையுங்கள். வைத்ததும் அந்த முகவரி இருக்கும் எல்லாக் கருவிகளிலும் மாற்றுங்கள். இந்தக் கடைசி வாக்கியத்தை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பது அடுத்த பதிலில்.

நேற்றுவரை நன்றாக இருந்தது. இன்று அலுவலகத்தில் யாருக்குமே மடல் வரவில்லை, இணையதளமும் திறக்கவில்லை. சர்வர் விழுந்துவிட்டதா?

ஃபோனில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் உங்கள் தளத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால் சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் அலுவலகத்தின் ஐபி முகவரியை (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) சர்வரின் தீச்சுவர் (ஃபயர்வால்) தடுத்து வைத்திருக்கிறது.

யாரோ ஒருவர் கடவுச்சொல் மாற்றியிருப்பார். மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய டேப்லெட்டோ, வரவேற்பறைக் கணினியோ பழைய கடவுச்சொல்லோடு சில நிமிடங்களுக்கு ஒருமுறை கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். சர்வர் அதைத் தாக்குதல் என்று எடுத்துக்கொண்டு அந்த ஐபியையே பூட்டிவிடும். அலுவலகத்தில் எல்லாரும் ஒரே இணைய இணைப்பில் இருப்பதால் எல்லாருக்கும் சேர்த்துப் பூட்டு. ஐபி எண்ணைச் சொல்லி ஹோஸ்டிங் உதவிப் பிரிவில் கேட்டால் எடுத்துவிடுவார்கள். எந்த முகவரிக்காகத் தடுக்கப்பட்டது என்பதையும் கேட்டு வாங்குங்கள். அந்தக் கருவியைக் கண்டுபிடிக்காவிட்டால் மதியத்துக்குள் மறுபடியும் பூட்டு விழும்.

மொபைல் டேட்டாவிலும் திறக்கவில்லை என்றால் டொமைன் காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல்கள் அதே டொமைனில் உள்ள, யாரும் திறக்காத முகவரிக்குப் போய்க்கொண்டிருந்திருக்கும். டொமைன் பதிவிலும் சிபேனலின் 'காண்டாக்ட் இன்ஃபர்மேஷன்' பகுதியிலும் வேறு சேவையில் உள்ள முகவரியைக் கொடுங்கள். வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டக் கூடாது அல்லவா?

பெட்டி நிரம்பிவிட்டது என்கிறது. இன்பாக்ஸில் ஒன்றுமே இல்லையே?

'சென்ட்', 'ட்ராஷ்', 'ஸ்பாம்' கோப்புறைகளைப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு பெரிய இணைப்பும் 'சென்ட்' கோப்புறையில் முழுதாகக் கிடக்கிறது. சிபேனலில் 'ஈமெயில் டிஸ்க் யூசேஜ்' என்று ஒரு கருவி உண்டு. ஒவ்வொரு கோப்புறையும் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டி, ஒரு வருடத்துக்கு முந்தையவை, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரியவை என்று மொத்தமாக அழிக்கவும் விடும். அழித்தது குப்பைக்குப் போகாது, நேராகப் போய்விடும். ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்கு தொடர்பான மடல்கள் உள்ள பெட்டியில் இந்தக் கருவியைத் தொடும்முன் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

இடம் நிறைய இருந்தும் நிரம்பிவிட்டது என்று வந்தால், கோப்புகளின் எண்ணிக்கைக்கு நிறுவனம் வைத்திருக்கும் எல்லையைப் பாருங்கள். வழக்கமான சிபேனல் அமைப்பில் ஒவ்வொரு மடலும் சர்வரில் ஒரு தனிக் கோப்பு.

நாங்கள் அனுப்பும் விலைப்பட்டியல் எல்லாம் ஸ்பாமில் விழுகிறது. என்ன செய்வது?

மடலில் எழுதியிருப்பதை மாற்றிப் பயனில்லை. அனுப்புவது நீங்கள்தான் என்பதை நிரூபிக்க மூன்று பதிவுகள் இருக்கின்றன. அவை சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

எஸ்பிஎஃப், உங்கள் டொமைன் பெயரில் மடல் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு அனுமதி என்று ஊரறியச் சொல்லும் பட்டியல். டிகிம், ஒவ்வொரு மடலிலும் சர்வர் போடும் மறையாக்கக் கையெழுத்து. அதைச் சரிபார்க்கும் சாவி டிஎன்எஸ் பதிவில் (உங்கள் டொமைன் பெயர் எந்தெந்த சர்வரைக் குறிக்கிறது என்று உலகத்துக்குச் சொல்லும் பதிவேடு) இருக்கும். டிமார்க், அந்த இரண்டிலும் தேறாத மடலை என்ன செய்ய வேண்டும் என்று பெறுபவருக்கு நீங்கள் சொல்லும் விதி. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்பும் எல்லாரும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் விதித்தது. ஜிமெயிலுக்கு ஒரே நாளில் 5000 மடல்களுக்கு மேல் அனுப்புபவர்களுக்கு மூன்றும் கட்டாயம். நீங்கள் ஒரு நாளில் இருபதே அனுப்பினாலும் மூன்றையும் வைத்துவிடுங்கள். செலவு எதுவும் இல்லை.

சிபேனலில் 'ஈமெயில் டெலிவரபிலிட்டி' திறந்தால் டொமைனுக்கு எதிரே கோளாறு இருக்கிறதா என்று காட்டும். 'ரிப்பேர்' அழுத்தினால் அதுவே சரிசெய்யும், உங்கள் டிஎன்எஸ் அதே சர்வரில் இருந்தால். டிஎன்எஸ் கிளவுட்ஃப்ளேர் போன்ற வெளிச்சேவையிலோ டொமைன் வாங்கிய இடத்திலோ இருந்தால் சிபேனல் மாற்றுவது உலகத்துக்குத் தெரியாது. அது காட்டும் பதிவுகளை நகலெடுத்து அங்கே போய் நீங்களே ஒட்ட வேண்டும். கிளவுட்ஃப்ளேரில் 'மெயில்' என்ற பதிவுக்கு எதிரே இருக்கும் ஆரஞ்சு மேகத்தைச் சாம்பல் நிறமாக்கவும் மறக்காதீர்கள். ஆரஞ்சு மேகம் இணையதளப் போக்குவரத்துக்கானது. மின்னஞ்சல் அதன் வழியே போகாது.

அடிக்கடி பார்க்கும் கோளாறு, ஒரே டொமைனுக்கு இரண்டு எஸ்பிஎஃப் பதிவுகள். ஹோஸ்டிங் நிறுவனம் ஒன்று வைத்திருக்கும். பிறகு செய்திமடல் சேவை ஒன்று வாங்குவார்கள். அது சொன்னபடி இன்னொன்றைச் சேர்ப்பார்கள். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. ஒரே பதிவுக்குள் இரண்டு சேவைகளையும் இணைத்து எழுத வேண்டும். அதிலும் டிஎன்எஸ்ஸைத் தேடிப் பார்க்கவைக்கும் சேர்க்கைகள் மொத்தம் 10-ஐத் தாண்டக் கூடாது.

எல்லாம் சரியா என்று பார்க்க, உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒரு மடல் அனுப்புங்கள். அதைக் கணினியில் திறந்து, மூன்று புள்ளிகளைத் தட்டி 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேலே ஒரு சிறு அட்டவணை வரும். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'பாஸ்' என்று இருக்க வேண்டும். எஸ்பிஎஃப் வரியில் அனுப்பிய சர்வரின் ஐபி எண்ணும் இருக்கும். மூன்றும் பாஸ் ஆகியும் ஸ்பாமில் விழுந்தால் அந்த ஐபியைத் தடைப்பட்டியல்களில் தேடிப் பாருங்கள். பகிர்வு ஹோஸ்டிங்கில் அதே ஐபியிலிருந்து முகம் தெரியாத பலரும் அனுப்புகிறார்கள். அவர்களில் ஒருவர் செய்யும் அநியாயத்துக்கு நீங்களும் தண்டனை அனுபவிக்கிறீர்கள். அதை ஹோஸ்டிங் நிறுவனம்தான் தீர்க்க வேண்டும். தீர்க்கவில்லை என்றால் இடம் மாறுங்கள்.

அனுப்பிய மடல் திரும்பி வந்துவிட்டது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்றே புரியவில்லை.

முழுவதும் படிக்க வேண்டாம். நடுவில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். 4-இல் தொடங்கினால் தற்காலிகத் தடங்கல்; சர்வர் தானே மறுபடி முயலும். 5-இல் தொடங்கினால் முடிந்தது. நீங்கள் ஏதாவது செய்தாக வேண்டும். 550 என்று வந்து, கூடவே 5.1.1 என்றிருந்தால் அப்படி ஒரு முகவரியே இல்லை. பெரும்பாலும் எழுத்துப்பிழை. 5.7-இல் தொடங்கும் எண் என்றால் உங்களை நம்ப மறுக்கிறார்கள் என்று பொருள். மேலே சொன்ன மூன்று பதிவுகளுக்குத் திரும்புங்கள். 552 என்றால் அளவு பிரச்சினை: பெறுபவரின் பெட்டி நிறைந்திருக்கலாம், அல்லது உங்கள் இணைப்பு பெரியது. மின்னஞ்சலில் போகும்போது இணைப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும் என்பதால், 20 எம்பி கோப்பு வழியில் 27 எம்பி ஆகிறது.

ஒரு மணி நேரத்துக்கான எல்லையை உங்கள் டொமைன் தாண்டிவிட்டது என்று சொல்லும் மறுப்பு, பெறுபவரிடமிருந்து வருவதில்லை. அது உங்கள் சர்வரே சொல்வது. தீபாவளி வாழ்த்தை எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே மூச்சில் அனுப்பினீர்களா? அதற்கு ஹோஸ்டிங் மின்னஞ்சல் ஏற்றதில்லை. மொத்த மடல் சேவை தனியாக வாங்குங்கள்.

மடல் போனதா இல்லையா என்று யாராவது வாக்குவாதம் செய்தால் 'ட்ராக் டெலிவரி' திறந்து முகவரியைத் தேடுங்கள். எப்போது புறப்பட்டது, எந்த சர்வரிடம் ஒப்படைக்கப்பட்டது, அது என்ன பதில் சொன்னது என்பது வரி வரியாக இருக்கும். சில நாள்களுக்கு முந்தையது மட்டுமே கிடைக்கும். சண்டை சூட்டோடு சூடாக நடக்கட்டும்.

நாங்கள் அனுப்பாத மடல்களெல்லாம் திரும்பி வருகின்றன. ஹேக் ஆகிவிட்டதா?

'ட்ராக் டெலிவரி' பார்த்தால் தெரிந்துவிடும். அந்த மடல்கள் அங்கே இல்லை என்றால் எவனோ எங்கிருந்தோ உங்கள் முகவரியை அனுப்புநராகப் போட்டு அனுப்புகிறான். டிமார்க் விதியைப் படிப்படியாகக் கடுமையாக்கினால் குறையும்.

அங்கே வரிசையாக இருந்தால் உண்மையிலேயே உள்ளே வந்துவிட்டார்கள். கடவுச்சொல்லை மாற்றுங்கள். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். 'ஃபார்வர்டர்ஸ்', 'ஈமெயில் ஃபில்டர்ஸ்', 'குளோபல் ஈமெயில் ஃபில்டர்ஸ்' மூன்றையும் திறந்து பாருங்கள். வெப்மெயிலில் நுழைந்தவன், மடலின் தலைப்பில் 'இன்வாய்ஸ்' அல்லது 'பேமென்ட்' என்று இருந்தால் ஒரு நகலைத் தன் முகவரிக்கு அனுப்பும்படி ஒரு வரி வடிகட்டி போட்டுவிட்டுப் போயிருப்பான். கடவுச்சொல்லை நூறு முறை மாற்றினாலும் அந்த வரி வேலை செய்துகொண்டே இருக்கும். சில வாரங்கள் பொறுமையாகப் படித்துவிட்டு, சரியான நேரத்தில் உங்கள் வாடிக்கையாளருக்கு "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று எழுதுவான். ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்கள் இதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கணக்கு எண் மாறியதாக மடல் வந்தால் தொலைபேசியில் பேசி உறுதிசெய்யாமல் பணம் அனுப்ப வேண்டாம் என்று வாடிக்கையாளர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

ஊழியர் ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் முகவரியை அழித்துவிடலாமா?

கூடாது. அழித்தால் பெட்டியோடு மடல்களும் போகும். காப்புநகல் இல்லையென்றால் திரும்பாது. அவர் பேசி முடித்த விலைகள், ஒப்புக்கொண்ட தேதிகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

கடைசி வேலை நாளன்று கடவுச்சொல்லை மாற்றுங்கள். அவருடைய சொந்த முகவரிக்கு ஃபார்வர்டர் எதுவும் இல்லை என்று பாருங்கள். அந்தப் பெட்டிக்கு வரும் மடல்களை, அடுத்து அந்த வேலையைச் செய்பவருக்குத் திருப்பிவிடுங்கள்; புதிய முகவரியைச் சொல்லும் தானியங்கிப் பதிலும் வையுங்கள். தானியங்கிப் பதிலுக்குத் தொடக்க, முடிவுத் தேதிகள் கொடுக்கலாம். ஒரே ஆளுக்கு எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை போகலாம் என்ற எண்ணைப் பூஜ்யமாக விடாதீர்கள். எதிர்முனையிலும் தானியங்கிப் பதில் இருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று பதில் எழுதத் தொடங்கிவிடும். சில மாதங்கள் கழித்து மடல்களை ஐமேப் வழியாக ஒரு கணினிக்கு நகலெடுத்த பிறகு பெட்டியை மூடலாம்.

இல்லாத முகவரிக்கு வரும் மடல்களையும் பிடிக்க முடியுமாமே?

'டிஃபால்ட் அட்ரஸ்' பகுதியில் முடியும். செய்யாதீர்கள். ஸ்பாம் அனுப்புபவர்கள் அகராதியில் உள்ள பெயர்களையெல்லாம் உங்கள் டொமைனுக்கு முன்னால் வைத்து முயல்வார்கள். அத்தனையும் உங்கள் பெட்டிக்கு வரும். பிழைச் செய்தியோடு மறுக்கும் தேர்வே அங்கே இருக்கட்டும். எழுத்துப்பிழையோடு அனுப்பிய உண்மையான வாடிக்கையாளருக்கும் அப்போதுதான் தன் பிழை தெரியும்.

ஸ்பாம் வடிகட்டியை எந்த அளவுக்கு வைப்பது?

சிபேனலில் இருப்பது ஸ்பாம்அசாசின். ஒவ்வொரு மடலுக்கும் மதிப்பெண் போடும். வழக்கமான எல்லை 5. எண் குறையக் குறையக் கடுமை கூடும். 5-இலேயே விட்டுவிட்டு, பிடிபட்டவற்றை ஸ்பாம் கோப்புறையில் போடச் சொல்லுங்கள். தானாக அழிக்கும் வசதியை இயக்க வேண்டாம். 'பாக்ஸ்டிராப்பர்' என்று இன்னொன்று இருக்கிறது. உங்களுக்கு எழுதும் ஒவ்வொருவரிடமும் தான் மனிதன்தான் என்று உறுதிப்படுத்தச் சொல்லும். ஓடிபி அனுப்பும் வங்கி சர்வர் அதற்கு எப்படிப் பதில் சொல்லும்?

மின்னஞ்சலை கூகுள் வொர்க்ஸ்பேஸுக்கு மாற்றினோம். எல்லாம் வருகிறது, எங்கள் இணையதளத் தொடர்புப் படிவத்திலிருந்து வருவது மட்டும் வரவில்லை.

உங்கள் இணையதளம் இருக்கும் சர்வருக்கு, மின்னஞ்சல் இடம்மாறியது தெரியவில்லை. வெளியே இருப்பவர்கள் எம்எக்ஸ் பதிவைப் (டொமைனுக்கு வரும் மடல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு) பார்த்து கூகுளுக்கு அனுப்புகிறார்கள். உங்கள் சர்வரோ, எக்ஸாம்பிள்.காம் என்பது தன் வீட்டு முகவரி என்று நினைத்து, மடலைத் தன்னிடமே இருக்கும் பழைய பெட்டியில் போட்டுக்கொள்கிறது. 'ஈமெயில் ரவுட்டிங்' திறந்து, 'லோக்கல் மெயில் எக்ஸ்சேஞ்சர்' என்றிருப்பதை 'ரிமோட்' ஆக்குங்கள். பழைய பெட்டியை வெப்மெயிலில் திறந்தால் இதுநாள்வரை வந்த விசாரணைகள் அங்கே காத்திருக்கும். மைக்ரோசாஃப்ட் 365, ஸோஹோ மெயில் எதற்கு மாறினாலும் இதே கதைதான்.

படிவத்தில் வரும் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் அது வேறு கோளாறு. படிவத்தின் நிரல் யூடிஎஃப்-8 (தமிழையும் தாங்கும் எழுத்துக் குறியீட்டு முறை) என்று அறிவிக்காமல் அனுப்புகிறது. தளம் செய்து கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

முகவரியையே தமிழில் வைத்துக்கொள்ள முடியுமா?

பாதி முடியும். .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழிலேயே முடியும் டொமைன்கள் இருக்கின்றன. அவற்றை ஆங்கில எழுத்துகளாக மாற்றிய வடிவில் சிபேனலில் சேர்க்கலாம். @ குறிக்கு முன்னால் வரும் பெயரும் தமிழில் வேண்டும் என்றால் அனுப்பும் சர்வர், பெறும் சர்வர் இரண்டும் அதற்கென்ற நீட்டிப்பை ஆதரிக்க வேண்டும். ஜிமெயில் 2014-லேயே அத்தகைய முகவரிகளோடு மடல் பரிமாறத் தொடங்கியது. சாதாரண சிபேனல் ஹோஸ்டிங்கில் தொழிலுக்கு இதை நம்ப வேண்டாம். ஆங்கில எழுத்து முகவரியையே முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோஸ்டிங் நிறுவனத்தை மாற்றப் போகிறோம். மடல்கள் தொலையாமல் கொண்டுபோவது எப்படி?

இரண்டு பக்கமும் சிபேனல் என்றால் புதிய நிறுவனமே முழுக் கணக்கையும் மாற்றித் தரும்; பெட்டிகள், மடல்கள், கடவுச்சொற்கள் எல்லாம் அப்படியே வரும். இல்லையென்றால் வரிசை முக்கியம். முதலில் புதிய இடத்தில் எல்லா முகவரிகளையும் திறந்துவிடுங்கள், ஃபார்வர்டர்கள் உட்பட. டிஎன்எஸ் மாற்றிய பிறகு திறக்கலாம் என்று விட்டால் இடைப்பட்ட நேரத்தில் வருபவை மறுக்கப்படும். ஓரிரு நாள் முன்னதாக எம்எக்ஸ் பதிவின் ஆயுள் நேரத்தைக் (டிடிஎல், மற்ற சர்வர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரம்) குறைத்து வையுங்கள். ஐமேப்சிங்க் போன்ற கருவியால் மடல்களை நகலெடுங்கள். வெள்ளிக்கிழமை மாலையில் எம்எக்ஸை மாற்றுங்கள். மாற்றிய பிறகும் சிறிது காலம் பழைய சர்வருக்கே சில மடல்கள் போகும். அதனால் நகலெடுப்பை மறுபடியும் ஒருமுறை ஓட்டுங்கள். எஸ்பிஎஃப் பதிவில் புதிய சர்வரைச் சேர்த்தாயிற்றா, புதிய டிகிம் சாவி ஏறியதா என்று பாருங்கள். பழைய ஹோஸ்டிங்கை அன்றே ரத்து செய்யாதீர்கள்.

எங்கள் பலகை சிபேனல் மாதிரி இல்லையே?

2019-இல் சிபேனல் நிறுவனம் கணக்குகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது. செலவு ஏறியதால் ஹோஸ்டிங் நிறுவனங்கள் பலவும் வேறு பலகைகளைத் தேடின. உலாவியின் முகவரிப் பட்டையில் 2222 என்று இருந்தால் உங்களுடையது பெரும்பாலும் டைரக்ட்அட்மின். 8443 என்றால் ப்ளெஸ்க். பொத்தான்களின் பெயரும் இடமும் மாறும். ஐமேப், எம்எக்ஸ், எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் பற்றி மேலே சொன்னவை அங்கேயும் அப்படியே பொருந்தும். 'ஈமெயில் ரவுட்டிங்' என்ற பெயரில் மட்டும் எதுவும் தென்படாது. டைரக்ட்அட்மினில் எம்எக்ஸ் பதிவுகள் உள்ள பக்கத்தில், இந்த சர்வரே மின்னஞ்சலைக் கையாளட்டுமா என்று கேட்கும் தேர்வுக்கட்டம் இருக்கும். ப்ளெஸ்க்கில் அந்த டொமைனின் மின்னஞ்சல் சேவையையே அணைக்க வேண்டும்.